சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்டம் முடிந்துவிட்டது

டிஷ் மாட்டுகிறவனுக்குக் கூரையில் கால் வழுக்கினால் இடுப்புதான் போகும். ஆட்டம் ஆரம்பித்த பிறகு படம் வராவிட்டால் மானமே போகும். ஈப்போவைச் சுற்றி வீடு வீடாக டிஷ் மாட்டுவதும், இப்போதெல்லாம் அதே டிஷ்ஷைக் கழற்றிவிட்டு ஸ்ட்ரீமிங் பெட்டி வைத்துக் கொடுப்பதும் என் பிழைப்பு. நீங்களும் காசு கட்டி, பாஸ்வேர்டை மறந்து, திரையில் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைப் பார்த்துக் கண் பூத்துப் போனவர்தானே? அப்படியானால் நாம் ஒரே கட்சி. நான் கொஞ்சம் உயரத்திலிருந்து அவஸ்தைப்படுகிறேன், அவ்வளவுதான்.

ஒரு சுவர், இரண்டு படம்

சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தை விற்றபோது, அங்கே வேலை செய்தவர்களுக்கு ஒரு வரிசை வீடு கட்டிக் கொடுத்தார்கள். அதில் ஒட்டினாற்போல் இரண்டு வீடு, முனியாண்டி அண்ணனுக்கும் அவர் தம்பி சேகருக்கும். நடுவில் ஒற்றைக்கல் சுவர். இந்தப் பக்கம் தாளித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். பின்வேலியில் சின்னதாக ஒரு கேட். குழம்புக் கிண்ணம் அதன் வழியாகப் போகும், வரும். சேகருக்கு அடுத்த வீடு ஆ கியோங் அங்கிள். ஒரு காலத்தில் தோட்டத்துக் கடை வைத்திருந்தவர், தமிழ் நம்மைவிட நன்றாகப் பேசுவார். அவரிடம் டிஷ்ஷும் விற்றுப் பார்த்தேன், பெட்டியும் விற்றுப் பார்த்தேன். கோப்பிக் கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பிவிட்டார்.

அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பூப்பந்து என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். பத்து வருஷத்துக்கு முன் அண்ணன் வீட்டில் டிஷ் மாட்டியது நான். போன வருஷம் "டிஷ்ஷெல்லாம் பழைய காலம்" என்று தம்பிக்குப் பெட்டி வைத்துக் கொடுத்ததும் நானேதான். ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். இன்டர்நெட்டில் வருகிற படம், டிஷ்ஷில் வருவதைவிட அரை நிமிஷம் பிந்தி வரும். தனி வீடாக இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? இங்கே முதல் ஆட்டத்திலேயே தெரிந்துவிட்டது. சேகரின் திரையில் ஆட்டக்காரன் இன்னும் சர்வீஸ் போடவில்லை, அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் கத்திவிடுவார். இருபத்தோரு புள்ளிக்கும் இருபத்தோரு கத்தல். மறுநாள் சேகர் எனக்கு போன் போட்டான்.

"மச்சான், நான் காசு கட்டினது ஆட்டம் பாக்க. எங்கண்ணன் கத்துறத கேக்க இல்லலா."

மழை எந்த ஊரில்

தைப்பிங்கில் கந்தையா ஐயா என்று ஒரு வாடிக்கையாளர். யாழ்ப்பாணத்து வம்சம், அரசாங்க அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். கிரிக்கெட்டைத் தவிர மற்றதெல்லாம் அவருக்கு உடற்பயிற்சி. தைப்பிங் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கனத்த மேகம் வந்தால் டிஷ் கண்ணை மூடிக்கொள்ளும். அன்றைக்கு முக்கியமான ஆட்டத்தின் நடுவில் படம் நின்றுவிட்டது. மழையால் தடை என்று திரையில் எழுத்து வேறு வந்தது.

ஐயா கோபப்படவே இல்லை. கிரிக்கெட்டில் மழை வந்தால் ஆட்டம் நிற்பது வழக்கம்தானே. தேத்தண்ணீர் போட்டுக் குடித்தார், பேப்பர் படித்தார், ஒன்றரை மணி நேரம் பொறுமையாகக் காத்திருந்தார். கொழும்பிலிருந்து சொந்தக்காரர் கூப்பிட்டு வெற்றிக்கு வாழ்த்துச் சொன்னபோதுதான், மைதானத்தில் வெயில் கொளுத்தியது என்பதே அவருக்குத் தெரிந்தது. எனக்கு வந்த போனில்கூட அவர் குரலை உயர்த்தவில்லை.

"தம்பி, நான் கோவிக்கேல்லை. அடுத்த முறை படம் நிண்டா, மழை அங்கையோ இஞ்சையோ எண்டு மட்டும் ஒருக்கால் சொல்லும்."

கேட்டில் கட்டிய கேபிள்

உலகப் பூப்பந்துப் போட்டி ஆரம்பித்தது. நம்ம ஊர் இரட்டையர் ஜோடி ஒவ்வொரு சுற்றாக ஜெயித்துக்கொண்டே போனது. இந்த வரிசை வீட்டில் ஒவ்வொரு சுற்றாகப் பேச்சு குறைந்துகொண்டே போனது. சேகர் டிவி சத்தத்தைக் கூட்டினான். அண்ணன் தொண்டையைக் கூட்டினார். கால் இறுதி முடிந்த மறுநாள் சேகர், நான் அவன் வீட்டில் மிச்சம் வைத்துவிட்டுப் போன கேபிளை எடுத்து, பின்வேலி கேட்டை முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டுக் கட்டிவிட்டான். அதோடு குழம்புக் கிண்ணமும் நின்றது.

இது வெறும் பூப்பந்துச் சண்டையாக இருந்தால் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். சேகர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தாத்தா பாட்டி இல்லாத வீடு; பத்திரிகையில் பெரியப்பா பேர்தான் முதலில் வர வேண்டும். திங்கட்கிழமை பத்திரிகை அச்சுக்குப் போகிறது, ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். அதையும் கத்திக் கெடுத்தால் அண்ணன் பேரை எடுத்துவிடப் போவதாக சேகர் என்னிடம் சொன்னான். ஒரு பெட்டியை விற்று ஒரு குடும்பத்தைப் பிரித்தவன் என்ற பேர் எனக்கு வரப்போகிறதே. அண்ணனிடம் போய், அன்றைக்கு ஒரு நாள் மட்டும் சத்தம் போடாமல் பாருங்கள் என்று கெஞ்சினேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் மாட்டின டிஷ்ஷே துருப்பிடித்திருக்கும்.

"தம்பி, நம்ம ஆளு அங்க ஸ்மாஷ் அடிக்கிறான். நான் என்ன, அவனுக்கு லெட்டர் போட்டா சந்தோஷப்படணும்?"

மாப்பிள்ளை போன்

அதே வாரம் ஹுத்தான் மெலிந்தாங்கில் இன்னொரு பஞ்சாயத்து. மீன்பிடிப் படகு இன்ஜின் பழுது பார்க்கும் வேலு அண்ணன் காசு கட்டி வாங்கின கணக்கில், வேலு அண்ணனாலேயே நுழைய முடியவில்லை. ஒரே நேரத்தில் மூன்று பேர்தான் பார்க்கலாம், மூன்று பேரும் உள்ளே இருக்கிறார்கள் என்று திரை சொன்னது. யார் யார் என்று பார்த்தேன். மூத்த மகன், மச்சினிச்சி வீடு, புது மாப்பிள்ளையின் போன்.

மகனை வெளியே தள்ளினோம். ஒரே நிமிஷத்தில் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டான். மச்சினிச்சியைத் தள்ளலாம் என்றால் அவள் அக்கா கையில் கரண்டியோடு பின்னால் நிற்கிறார். மிச்சம் மாப்பிள்ளைதான். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. நான் பட்டனுக்கு விரலைக் கொண்டுபோனேன். வேலு அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்லா. தலைத் தீபாவளிக்கு முன்னாடியே மாப்பிள்ளைய வெளிய தள்ளினவன்னு பேரு வேணாம். நான் ரேடியோல கேட்டுக்கிறேன்."

மூன்று போன்

அரை இறுதி நாளில் எனக்கு வேலையில்லை, ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தேன். இறந்தவர் என் பழைய வாடிக்கையாளர். வாசல் கூடாரத்தில் மூன்று பேர் மூன்று போனில், தலையைக் குனிந்து பயபக்தியோடு ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றும் மூன்று கம்பெனி லைன். ஒரு புள்ளி விழுந்தால் முதலில் ஒரு முனையில் முனகல், பிறகு நடுவில், கடைசியாக இந்தக் கோடியில். உள்ளே ஒப்பாரி பாடும் அம்மாக்கள் தாளம் தவறித் தடுமாறினார்கள். கடைசியில் அந்த வீட்டு அக்காவே கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"அவரு இருந்திருந்தா முதல் ஆளா கத்தியிருப்பாரு. ஏதாவது ஒரு போன்ல எல்லாரும் பாருங்க, இப்படி மூணு மூணு தடவ என்னால திடுக்கிட முடியல."

ஞாயிற்றுக்கிழமை மழை

இறுதி ஆட்டம் சாயங்காலம். முன்னெச்சரிக்கையாக டிஷ்ஷைச் சரிபார்க்கச் சொல்லி முனியாண்டி அண்ணன் மத்தியானமே என்னைக் கூப்பிட்டுவிட்டார். எல்லாம் சுத்தமாக இருந்தது. ஆளுக்கு ஒரு செட் ஜெயித்து, மூன்றாவது செட் நடுவில் வந்து நின்றபோது மலைப்பக்கமிருந்து மழை இறங்கியது. படம் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே போய்விட்டது. மேலே ஏறித் துடை என்றார் அண்ணன். டிஷ்ஷைத் துடைக்கலாம், மேகத்தைத் துடைக்க முடியாது என்றேன். சேகர் வீட்டில் படம் தாராளமாக ஓடுகிறது, இந்தப் பக்கம் இருட்டுத் திரை. அண்ணன் வேறு வழியில்லாமல் சுவரில் காதை வைத்தார்.

ஒரு சத்தமும் இல்லை. டிவியின் முணுமுணுப்பு மட்டும் கேட்கிறது, சேகர் மூச்சே விடவில்லை. மழையில் அண்ணன் டிஷ் போயிருக்கும் என்று அவனுக்குத் தெரியாதா? பழிவாங்குகிறான் என்று எனக்கு உடனே புரிந்தது. அண்ணனுக்குப் புரியவில்லை. கால்மணி நேரம் காதை எடுக்காமல் நின்றவர், மெல்ல முகம் வெளுத்துப் போனார். "அவனுக்குப் ப்ரெஷர் இருக்குடா. இப்படிக் கம்முனு இருக்கிறவன் இல்ல." என் பையிலிருந்து கட்டரை எடுத்துக்கொண்டு மழையில் பின்பக்கம் ஓடினார். கேட்டில் கட்டியிருந்த கேபிளை அவர் வெட்டிய வேகத்தில் நானே எதையும் வெட்டியதில்லை.

பின்னாலேயே நானும் ஓடினேன். உள்ளே சேகர் உயிரோடுதான் இருந்தான். சத்தம் வெளியே போகாமல் இருக்க, துவாலையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டு, கண் பிதுங்க உட்கார்ந்திருந்தான். அண்ணன் அதைப் பிடுங்கி எறிந்தார். "மூச்ச விடுடா, பன்னாட." ப்ரெஷர் மாத்திரையைத் தேடி மேசைமேல் கிடந்த காகிதங்களை விலக்கினார். ஒரு காகிதம் கையிலேயே நின்றது. மறுநாள் அச்சுக்குப் போக வேண்டிய பத்திரிகை. முதல் வரியில் அவர் பேர். சேகர் எடுக்கவே இல்லை. என்னிடம் சும்மா வாய்வீச்சு வீசியிருக்கிறான். அண்ணன் அதை இரண்டு முறை படித்து, மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தார். "நவுரு" என்று மட்டும் சொல்லித் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தார். நான் விற்ற பெட்டிக்கு முன்னால் அவர்கள் இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

பத்தொன்பது-இருபது, இன்னும் ஒரு புள்ளி போனால் ஆட்டமே போய்விடும். இரண்டு பேரும் ஒருவர் தொடையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது வீட்டின் மறுபக்கச் சுவரிலிருந்து ஒரு குரல் வந்தது. "அலாமாக், போச்சுலா. தோத்துட்டானுங்க." மழைக்குப் பயந்து கோப்பிக் கடைக்குப் போகாத ஆ கியோங் அங்கிள், சாதாரண ஏரியலில் வருகிற இலவச டிவியில் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் திரையில் நம்ம ஜோடி இன்னும் நம்பிக்கையோடு வியர்வை துடைத்துக்கொண்டிருந்தது. அண்ணனும் தம்பியும் ஒன்றாக எழுந்து, நான்கு கையால் அந்தச் சுவரைக் குத்தினார்கள். அங்கிள் குடை பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"என்னை ஏன்லா திட்டுறீங்க? நான் காசே கட்டல, அதான் எனக்கு முதல்ல வந்துருச்சு."

இருபது வருஷமாக நான் ஏறி இறங்கிய கூரையெல்லாம் சேர்ந்து செய்யாததை, ஒரு சல்லிக் காசு கட்டாத மனுஷன் ஒரே கத்தலில் செய்து, அண்ணன் தம்பியை ஒரே கட்சியாக்கிவிட்டார். கேட்டில் கட்டியிருந்த கேபிளை மட்டும், வீணாக்க வேண்டாம் என்று நான் திரும்ப எடுத்து வந்துவிட்டேன்.