டீ நேரத்துச் சூடு

அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்த அப்பாவின் விரல் சப்பாத்திப் பலகையில் ஓரிடத்தில் நின்றது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

காயை ஒடித்துப் போட வாட்டமாக இருக்கட்டும் என்று அம்மா அந்தப் பலகையை அவர் முன்னால் வைத்திருந்தாள். அவர் கை ஒடிக்கும், போடும், அடுத்த காயைத் தேடும். அப்படித் தேடிப் போன விரல் காயை விட்டுவிட்டு, பலகையில் எதையோ பிடித்துக்கொண்டு வளைந்து, ஒரு சுற்றுச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது.

"இங்க சூடா சட்டிய வெச்சது நீதானே கண்ணு?"

நான்தான். பத்தாவது படிக்கும்போது பாயசச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி நேராக அதன்மேல் வைத்து, அன்றைக்கெல்லாம் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்புறம் அந்த வட்டத்தை நாங்கள் எல்லோரும் மறந்துபோனோம். கண் சரியாகத் தெரிகிற எங்களுக்கு மறந்துபோனது, கண் மங்கிய அப்பாவின் விரலுக்குக் கிடைத்துவிட்டது.

மரத்தில் சுட்ட கோடு விரலுக்குத் தெரியும்! நான் தட்டத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கொட்டகைக்கு ஓடினேன். "சோறு?" என்று அம்மா கேட்டது காதில் விழுந்தது. நின்று பதில் சொல்லத்தான் முடியவில்லை.

கொட்டகை என்றால் சிங்காநல்லூரில் எங்கள் வீட்டின் முன்பக்கம் தகரம் போட்ட இடம். அப்பா அங்கே எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்து, செம்புக்கம்பியைப் புதிதாகச் சுற்றிக் கட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். சர்க்கரை கண்ணில் இறங்கிய பிறகு நிறுத்திவிட்டார். எதிரில் இருப்பவர் யார் என்பது குரலை வைத்துத்தான். வெளிச்சம், நிழல், அசைவு, இவ்வளவுதான் மிச்சம்.

வேலையை விட்டதற்குக்கூட அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆடு புலி ஆட்டத்தை விட்டதுதான் வீட்டையே அமைதியாக்கிவிட்டது. எதிர்வீட்டு மில்காரர் தினமும் சாயங்காலம் வருவார். மில்லில் முப்பது வருஷம் நூல் ஓட்டி ஓய்வுபெற்றவர், வீட்டுக்குள் தெலுங்கு, தெருவில் எங்களைவிடச் சுத்தமான கோயம்புத்தூர்ப் பேச்சு. கொட்டகையின் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் கூம்பு மாதிரிக் கட்டம் போடுவார்கள். உச்சியில் ஒரு புள்ளி, அங்கிருந்து கீழே விரிகிற கோடுகள், அவற்றைக் குறுக்கே வெட்டுகிற கோடுகள். அப்பாவின் மூன்று புலிகள் மூன்று போல்ட் நட்டு. மில்காரரின் பதினைந்து ஆடுகள் பதினைந்து புளியங்கொட்டை. புலி ஆட்டைத் தாண்டிக் குதித்தால் ஆடு போச்சு. ஆடுகள் சுற்றி அடைத்துப் புலியை நகர முடியாமல் செய்தால் புலி போச்சு. நடுநடுவே இரண்டு பேரும் "ஏனுங்க, எங்கீங்க போறீங்க?", "உங்க ஆட்ட மேய்க்கத்தானுங்க!" என்று அத்தனை மரியாதையோடு ஒருவரை ஒருவர் கொன்றுகொண்டிருப்பார்கள்.

ஒருநாள் அப்பா புலியைக் கோடே இல்லாத பக்கமாகத் தாண்டவைத்தார். அவருக்குச் சாக்பீஸ் கோடு தெரியவில்லை. மில்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆமாங்க, ஆட்ட எடுத்துக்கோங்க" என்றார். எங்கள் ஊரில் ஒருவர் மனசு நோகாமல் நடந்துகொள்வதென்றால் அப்படித்தான். அன்றைக்கு அப்பா சுலபமாக ஜெயித்தார். ஜெயித்ததும் கீழே தடவி, எடுத்த ஆடுகளை விரலால் எண்ணிப் பார்த்தார். பன்னிரண்டு. வாழ்நாளில் அவர் மில்காரரிடமிருந்து பன்னிரண்டு ஆடு எடுத்ததில்லை.

"அவருக்கு என்ர மேல பாவம் வந்துருச்சு" என்றார் ராத்திரிச் சாப்பாட்டில். "எனக்கு உட்டுக்குடுத்து ஆடற ஆட்டம் வேண்டாம்."

மறுநாளிலிருந்து மில்காரர் வந்தால் அப்பாவுக்குத் தலைவலி, கால்வலி. அப்புறம் மில்காரரும் வரவில்லை.

அதனால்தான் ஓடினேன். சாக்பீஸ் கோட்டுக்குப் பதில் சுட்ட கோடு. அப்பாவுக்குக் கட்டம் விரலில் தெரிந்தால் யாரும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

எலக்ட்ரிகல் படித்து முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்த காலம் அது. கையில் நேரம் கொட்டிக்கிடந்தது. முதலில் அப்பாவின் பழைய இருபத்தைந்து வாட் சால்டரிங் அயர்னை எடுத்தேன். ஈயம் உருக்கப் பழகிய அது மரத்தில் லேசாகப் பழுப்பு பூசியதோடு சரி. அப்புறம் அறுபது வாட் ஒன்று வாங்கி, முனையை அரத்தால் ராவி உளி மாதிரித் தட்டையாக்கினேன். அடுத்த தெருவில் பம்புசெட் பேக்கிங் பெட்டி அடிப்பவர்களிடம் உடைந்த சட்டங்கள் கிடைத்தன. காலையில் உட்கார்ந்தால் கோடு, கோடு, கோடு. பெட்டி மரத்தில் பிசின் கொப்பளிக்கும். தென்னங்கட்டையில் நார் ஓரிடத்தில் கருகும், பக்கத்திலேயே பச்சையாக நிற்கும். வேம்பு கசப்பாகப் புகையும். என் தலைமுடி, துப்பட்டா, தலையணை எல்லாம் அந்த வாசனை. இப்போதும் எங்காவது மரம் லேசாகக் கருகினால் எனக்கு அந்தக் கொட்டகையும் தகரத்து வெயிலும் வந்துவிடும்.

பதினைந்து நாளில் கை வந்துவிட்டது. வேகமாக இழுத்தால் தேன் நிறம், மெதுவாக இழுத்தால் காப்பி நிறம். முடி மாதிரிக் கோடு. போனில் படம் எடுத்துப் போட்டால் கூட்டாளிகள் எல்லாம் "அச்சடிச்ச மாதிரி இருக்கு" என்றார்கள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஆட்டத்துக்கான பலகை கிணத்துக்கடவிலிருந்து வந்தது. மாமா தோட்டத்தில் காற்றுக்குச் சாய்ந்த பலாவை அறுத்ததில் ஒன்று. மஞ்சள் மஞ்சளென்று, முடிச்சில்லாமல், இழைத்து இழைத்துக் கன்னம் மாதிரி ஆக்கி வைத்திருந்தேன். "ஒண்ணுதான் கண்ணு தேறுச்சு, பாத்துச் செய்யி" என்று சொல்லித்தான் மாமா கொடுத்தார்.

செய்தேன். காலை ஒன்பதரைக்கு அயர்னைச் சொருகினேன். கீழேயிருந்து மேலாகப் போவது என்று திட்டம். அடிக்கோடு, அடுத்தது, அதற்கு மேலே அடுத்தது, ஒன்றுக்கொன்று சளைக்காமல் வந்தன. பதினோரு மணிக்கு அம்மா உள்ளேயிருந்து "டீ!" என்றாள்.

"வாரேம்மா!"

போகவில்லை. இன்னும் உச்சிதான் பாக்கி, அதையும் முடித்துவிட்டே போகலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். அடுத்த கோட்டை வழக்கமான வேகத்தில்தான் இழுத்தேன். முனை வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. கோடு தேன் நிறமும் இல்லை, காப்பி நிறமும் இல்லை. கரி. பயந்து கையை நிறுத்தினேன், நிறுத்திய இடம் பள்ளமானது. அவசரமாகச் சரிசெய்யப்போய் நான்கு கோடுகளும் சந்திக்கிற உச்சிப் புள்ளியில் மிளகு போட்டால் நிற்கிற அளவுக்கு ஒரு குழி. புகை கண்ணில் ஏறியது.

அயர்னைப் பிடுங்கிப்போட்டு உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். தெரு சத்தமில்லாமல் இருந்தது. பக்கத்துக் கொட்டகையில் நான்கு லேத் உண்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை ரீங்காரம்தான். பதினோரு மணிக்கு டீ, நான்கு மணிக்கு டீ, அப்போது மட்டும் நான்கும் நிற்கும். மல்டிமீட்டரைப் பிளக்கில் வைத்துப் பார்த்தேன். இருநூற்று நாற்பது. டீ முடிந்து முதல் லேத் உறுமியதும் முள் விழுந்தது, இரண்டாவது, மூன்றாவது, நூற்றுத் தொண்ணூற்றைந்தில் வந்து நின்றது. எங்கள் வீடு லைனின் கடைசி. நான் பதினைந்து நாள் பழகியது லேத்துகள் தின்றுபோட்ட மிச்சக் கரண்டில். பதினோரு மணிக்கு ஊரோடு சேர்ந்து நானும் டீ குடிக்க எழுந்து போய்க்கொண்டிருந்ததால், முழுக் கரண்டில் அந்த முனை எப்படிச் சுடும் என்பதை ஒருநாளும் பார்த்ததேயில்லை. நான்கு வருஷம் எலக்ட்ரிகல் படித்தவள்!

பலகையை மோட்டார்க் கூடுகளுக்குப் பின்னால் திருப்பி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் வாசனையை எங்கே ஒளிப்பது? சாயங்காலம் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தார்.

"பலாவுல கைவெச்சுட்டயாட்ட இருக்குது?"

"கெட்டுப்போச்சுப்பா."

"கெட்டதக் காட்டு."

மடியில் வைத்தேன். அவர் கீழேயிருந்து தடவினார். நான் பெருமைப்பட்ட அடிக்கோடு, அச்சடித்த மாதிரியான அடுத்த கோடு, எல்லாவற்றின் மேலும் விரல் போனது, நிற்காமல் போனது.

"இங்க ஒண்ணுமே இல்லியே கண்ணு?"

இருக்கிறது, கண்ணுக்கு அத்தனை அழகாக இருக்கிறது. பாயசச் சட்டி வட்டத்தை வைத்து ஆரம்பித்த நான், நடுவில் எங்கேயோ அப்பாவை விட்டுவிட்டுப் படம் எடுத்துப் போடுகிறவர்களுக்காகச் செய்துகொண்டிருந்திருக்கிறேன். பதினைந்து நாளில் ஒருமுறைகூட அவர் கையில் ஒரு கட்டையைக் கொடுத்துப் பார்க்கவில்லை.

விரல் மேலே ஏறியது. பதினோரு மணிக் கோட்டில் பட்டதும் பாய்ந்து பிடித்துக்கொண்டது.

"அட, இங்க வழி வருது." அப்படியே ஏறி உச்சிக் குழியில் போய் விழுந்தது. விழுந்த விரலை அவர் எடுக்கவில்லை. "புலி உக்கார்ற எடம்" என்றார்.

அன்றிலிருந்து என் வேலை நேரம் மாறியது. லேத் ஓடும்போது சும்மா இருப்பேன். பதினோரு மணிக்கு ரீங்காரம் நிற்கும், நான் அதே கோடுகள்மேல் அயர்னோடு குனிவேன். இருபது நிமிஷம். மறுபடி நான்கு மணிக்கு இருபது நிமிஷம். நூறு வாட் அயர்ன் ஒன்று வாங்கியிருந்தால் எந்நேரமும் சுட்டிருக்கலாம், தெரியும். ஆனால் கெடுத்த சூட்டைக் கொண்டே முடிக்கவேண்டும் என்று ஒரு வீம்பு.

"ஊரே டீ குடிக்கறப்ப இவ கட்டையச் சுடறா" என்று அம்மா டம்ளரைப் பக்கத்தில் நங்கென்று வைத்துவிட்டுப் போவாள். ஆடை கட்டி ஆறிப்போன அந்த டீயின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. ஒவ்வொரு கோடும் முடிந்ததும் அப்பா விரலை நீட்டுவார். "ஆழம் பத்தாது" என்றால் நான்கு மணிக்கு மறுபடி. நான்காம் நாள், கரியைச் சுரண்டித் துடைத்து, நல்லெண்ணெய் பூசினேன்.

"மில்காரர வரச்சொல்லு" என்றார் அப்பா.

மில்காரர் தயங்கித் தயங்கி வந்தார். பலகையைப் பார்த்துவிட்டு, "அம்மிணி, இதென்ன இப்படிக் கரிச்சுப்போட்ட?" என்றார். ஆட்டம் தொடங்கியது. அப்பா ஒவ்வொரு முறையும் கட்டம் முழுவதும் விரலை மேயவிட்டு, கொட்டை எங்கே, நட்டு எங்கே என்று பார்த்து, அப்புறம் நகர்த்தினார். நேரம் பிடித்தது. மில்காரர் பொறுமையாக இருந்தார். கொஞ்சம் அதிகப்படியான பொறுமை.

நான் பயந்தபடியே, அவர் ஒரு புளியங்கொட்டையைப் புலிக்கு முன்னால் கொண்டுவந்து, பின்னால் காலி இடம் விட்டு வைத்தார். அப்பாவின் விரல் போனது. கொட்டையைத் தொட்டது. பின்னாலுள்ள காலிப் புள்ளியைத் தொட்டது. மறுபடி கொட்டைக்கு வந்தது.

"ஏனுங்க, இந்த ஆட்ட எதுக்குங்க இங்க வெச்சீங்க?"

"தெரியாம வெச்சுப்போட்டனுங்க."

"முப்பது வருசமா நீங்க தெரியாம வெச்சதில்லீங்க. எடுங்க. எடுத்துட்டு ஒழுங்கா வைங்க."

மில்காரர் கொட்டையை எடுத்தார். எடுத்து வேறிடத்தில் வைத்தார். அங்கிருந்து ஆறாவது நகர்த்தலில் அப்பாவின் மூன்று புலிகளும் அடைபட்டன. உச்சிக் குழியில் உட்கார்ந்திருந்த நட்டுக்கு ஒரு பக்கமும் வழியில்லை.

"போச்சுங்களா?" என்று அப்பா விரலால் நான்கு பக்கமும் தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவ்வளவு சத்தமாக அவர் சிரித்து வருஷம் ஆகியிருந்தது. "நாளைக்கு வாங்க, பாத்துக்கறேன்."

"வாராமயா?" என்றார் மில்காரர். "பாவம் பாக்கமாட்டனுங்க, சொல்லிப்போட்டேன்."

அது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. பக்கத்து லேத்துக்காரர் பெரிய இடம் கிடைத்துப் போய்விட்டார். இப்போது எங்கள் பிளக்கில் எந்நேரமும் ஒரே அளவு கரண்டு, டீ நேரத்துக்கும் மற்ற நேரத்துக்கும் வித்தியாசமே இல்லை. பம்பு கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் எனக்கு வேலை. அங்கே பதினோரு மணிக்கு டீ வரும்போது, வேண்டுமென்றே ஆறவைத்துத்தான் குடிக்கிறேன். பலகையின் கோடுகள் நட்டும் கொட்டையும் ஓடி ஓடி வழுவழுப்பாகிவிட்டன. அப்பாவுக்கு உச்சிப்பக்கம் மறுபடி ஆழம் பத்தவில்லையாம்.

"புதுசா ஒண்ணு போடலாம்ப்பா."

"போடலாம். கோட்ட நான் இழுக்கறேன்."

முதலில் முடியாது என்றேன். அப்புறம் ஒரு வாரமாக அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு பித்தளைப் பட்டைகளைத் தண்டவாளம் மாதிரிப் பலகையில் இறுக்கி, அயர்னை ஒரு மரக்கூட்டுக்குள் வைத்து, முனை மட்டும் அரை விரல்கடை வெளியே நீட்டுகிற மாதிரிச் செய்திருக்கிறேன். கூட்டைப் பிடித்துத் தள்ளினால் நேராகப் போகும், கை சூட்டின் பக்கமே வராது. சூடில்லாமல் பேக்கிங் கட்டையில் அப்பா இருபது தடவை தள்ளிப் பார்த்தார். இரண்டு தடவைதான் பட்டையை விட்டு விலகியது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குச் சூட்டோடு தள்ளப்போகிறோம். விலகினால் அணைத்துவிட, சுவிட்சுக்குப் பக்கத்தில் நான் நிற்பேன் என்று சொல்லியிருக்கிறேன். அதற்கு மட்டும் அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.