விற்காத மூட்டை

இரத்தோட்டையில் மிளகு வாங்கும் கடையொன்றில் அந்த அம்மாவைச் சந்தித்தேன். தேயிலைக் கொழுந்து பறிப்பவர், மெலிந்த கையில் ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம். வேலியோரம் காய்க்கும் மிளகைக் காயவைத்து மூட்டையில் வைத்திருப்பாராம். வீட்டில் ஏதாவது கெட்டால் மட்டும், அதற்கு வேண்டிய அளவு விற்பாராம். அன்று காற்று கூரையைப் பிய்த்திருந்தது. கொண்டுவந்தது ஒரு சிறிய பை.

“வெல ஏறிக் கெடக்கு அக்கா, மூட்டையோட கொண்டாங்க,” என்றார் முதலாளி.

“ரெண்டு தகரந்தான் பறந்துச்சு முதலாளி. வீடு பறக்கல.”

ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தன் நான், சும்மா இருப்பேனா? எல்லாவற்றையும் விற்று ஒரு வருட நிலையான வைப்பில் போடலாமே என்றேன். எந்தப் படிவம், எத்தனை கையொப்பம் என்றும் விளக்கினேன்.

“காசு சல்லியா இருந்தா வீட்டுக்காரரு கேப்பாரு, கொழுந்தன் கேப்பாரு. மொளகு கேட்டு எவனும் வர மாட்டான் சார்.”

“வட்டி வருமே, அம்மா?”

“வரட்டும். ஒரு வருஷம் முடியிற வரைக்கும் மழைய நிக்கச் சொல்வீங்களா?”

தவணைக்கு முன்பே பணத்தை மீளப்பெற ஒரு நடைமுறை உண்டு. எழுத்தில் விண்ணப்பித்தால் சில நாட்களில் முடிந்துவிடும். அதைச் சொல்ல வாயெடுத்தேன். மலைப்பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. முதலாளியிடம், பையைச் சீக்கிரம் நிறுக்கச் சொன்னேன்.