எம்.ஏ. படிக்கும்போது எழுதிய பிளஸ் டூ

எம்.ஏ.வில் சேர்ந்தபோது எனக்கு நாற்பத்தொரு வயது. திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி ஒரு சந்துக்குள் பதினான்கு அறைகள் உள்ள விடுதி ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சாவி கொடுப்பது, வெந்நீர் வரவில்லை என்று கூப்பிட்டால் மாடிக்கு ஓடுவது, வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் படிவம் நிரப்பி அனுப்புவது. மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரை யாரும் வர மாட்டார்கள். அந்த நேரத்தில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துதான் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. வரலாறு படித்து முடித்தேன். எம்.ஏ.வும் அதே நாற்காலியில்தான்.

கவலைப்படுவது எனக்கு இன்னொரு வேலை. சிலிண்டரை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஆள் நான். மூடியிருப்பதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால், பார்க்கிறேன் என்று கைபட்டுத் திறந்துவிட்டேனோ என்று அடுத்த கவலை வரும். இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். எழுதினால் கொஞ்சம் கம்மியாகும். எம்.ஏ. புத்தகங்கள் தபாலில் வந்த அன்று என் மனைவி அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது, இது நடந்தா இன்னா ஆவும், அது நடந்தா இன்னா ஆவும்னு பக்கம் பக்கமா எழுதி வச்சிருக்கீங்க. செய்யப் போறதுனு ஒண்ணாவது இருக்குதா இதுல?"

நோட்டைத் தலைகீழாகத் திருப்பிக் கடைசிப் பக்கத்தை முதல் பக்கமாக்கி என் முன்னால் வைத்தாள். "இங்க எழுதுங்க. இந்தப் படிப்பு முடியறதுக்குள்ள செய்யணும்."

ஒன்பது எழுதினேன். பெரியதாக ஒன்றும் இல்லை. பல் டாக்டரிடம் போக வேண்டும். லிஃப்டில் தனியாகப் போக வேண்டும். கடலில் இடுப்பளவு இறங்க வேண்டும். நீச்சல். மகளுடைய பள்ளிக்கூடக் கூட்டத்தில் எழுந்து ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஓட்டலில் சாப்பாடு சரியில்லை என்றால் சரியில்லை என்று சொல்ல வேண்டும். இப்படி. ஒன்பதாவதாக 'பிளஸ் டூ' என்று மட்டும் எழுதினேன். மனைவி அதைப் படித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவளுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும்.

பிளஸ் டூ இல்லாமலே எப்படி எம்.ஏ. என்று கேட்கலாம். பத்தாவது பாஸ். திறந்தவெளியில் ஓர் அடிப்படைப் படிப்பு படித்தால் பி.ஏ.வுக்கு எடுத்துக்கொண்டார்கள். பி.ஏ.வைக் காட்டி எம்.ஏ. சட்டப்படி எல்லாம் சரி. அரசாங்க உத்தியோகத்துக்குத்தான் ஆகாது என்றார்கள், எனக்கு அது வேண்டியதும் இல்லை. ஆனால் நடுவில் ஒரு ஓட்டை இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

அந்த ஓட்டை வந்த கதை இது. பத்தாவதில் நல்ல மார்க், அதனால் பதினொன்றில் முதல் குரூப் கொடுத்தார்கள். இயற்பியல் வாத்தியார் வரிசை எண்படி ஒவ்வொருவராக எழுப்பிப் பாடம் சொல்லச் சொல்வார். என் முறை வந்த அன்று எழுந்து நின்றேன். குரல் வரவில்லை. வகுப்பு சிரித்தது. அவர் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. "நாளைக்குச் சொல்லு, உட்காரு" என்றார். அந்த நாளைக்கு நான் போகவில்லை. காலையில் பையோடு பஸ் ஏறுவேன், டவுனில் இறங்கி கிரிவலப் பாதையில் ஏதாவது ஒரு மண்டபத்தில் நாலு மணி வரை உட்கார்ந்திருப்பேன். பத்தொன்பது நாள் அப்படி. அப்பாவுக்குத் தெரிந்ததும் இரண்டு அறை விழுந்தது. போக மாட்டேன் என்றேன். அவ்வளவுதான் என் பள்ளிப் படிப்பு.

எங்களுக்கு இரண்டரை ஏக்கர் கிணற்றுப் பாசனம் இருந்தது. ஃபீஸ் கட்ட முடியாத வீடு இல்லை. ஆனால் பின்னாளில் யாராவது கேட்டால் 'குடும்பச் சூழ்நிலை' என்பேன். கேட்பவர்கள் தலையை ஆட்டுவார்கள். நாலு பேர் அப்படித் தலையாட்டிய பிறகு அதுவே காரணமாகிவிட்டது.

எம்.ஏ. வகுப்பு சனி, ஞாயிறு, டவுனில் ஒரு கல்லூரியில். முப்பது பேரில் பாதிக்கு மேல் பள்ளி ஆசிரியர்கள். முதல் நாள் எல்லோரும் அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்றார்கள். என் முறை வந்ததும் குடும்பச் சூழ்நிலையைச் சொல்லி உட்கார்ந்தேன். கை தட்டினார்கள்.

பக்கத்து பெஞ்சில் ஒரு டீச்சர். போளூர் பக்கம் கிராமம், சமணக் குடும்பம். வகுப்பு நீண்டால் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்று ஐந்தரைக்கே டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவார். அன்றும் திறந்துகொண்டே கேட்டார்.

"பிளஸ் டூ முடிச்சிட்டு நிறுத்திட்டீங்களா சார்?"

"ஆமா டீச்சர்."

"இன்னா குரூப்?"

எங்கள் பக்கத்தில் இது ஊர் எது என்று கேட்கிற மாதிரி. பதில் சொல்லாமல் இருக்க முடியாது. "ஹிஸ்டரி குரூப்" என்றேன்.

"அப்ப உங்களுக்கு இதெல்லாம் அத்துப்படி. நான் சயின்ஸ். நீங்கதான் எனக்கு நோட்ஸ் தரணும்" என்று ஓர் இட்லியை மூடியில் வைத்து நீட்டினார். அந்த இட்லியைத் தின்றுவிட்டு இரண்டு வருடம் அவருக்கு நோட்ஸ் அனுப்பினேன்.

பட்டியல் ஒரு பக்கம் நடந்துகொண்டிருந்தது. பல் டாக்டர் முடிந்தது, ஒரு பல் போனது. வேங்கிக்காலில் ஒரு புதுக் கட்டடத்தில் லிஃப்டில் மூன்று மாடி போய்விட்டுப் படியிலேயே இறங்கி வந்தேன். ஏறியது மட்டும்தான் கணக்கு என்று மனைவி சொன்னாள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஓட்டலில், "சாம்பார்ல உப்பு கம்மியா இருக்குதுங்க" என்றேன். பரிமாறியவர், "எல்லாரும் ஜாஸ்தினு சொல்றாங்க, நீங்க ஒருத்தர்தான் கம்மினு சொல்றீங்க" என்று போய்விட்டார். சொன்னேன் அல்லவா, டிக் அடித்தேன். பள்ளிக்கூடக் கூட்டத்தில் எழுந்து, தண்ணீர்த் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள் என்று கேட்டேன். ஒன்பதாவது படிக்கிற மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நீச்சலுக்கு அடி அண்ணாமலையில் நண்பர் ஒருவரின் கிணற்றுக்குப் போனேன். மூன்று நாளோடு நின்றது. அதற்கு இன்னும் டிக் இல்லை.

பட்டியலில் ஒன்பதாவதான பிளஸ் டூவுக்கு, தனித்தேர்வராக விண்ணப்பிக்கச் சேவை மையத்துக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் நிமிராமல் கேட்டார்.

"யாருக்கு சார், பொண்ணுக்கா?"

"எனக்கு."

"இப்ப இன்னா பண்றீங்க?"

"எம்.ஏ. படிக்கிறேன்."

இப்போது நிமிர்ந்தார். "மாடில ஏறி நின்னுகினு படிக்கட்ட எங்கனு கேக்குறீங்களே சார்!"

செய்முறைத் தேர்வு இல்லாத பாடங்களாக எடுக்க வேண்டும் என்றார். வரலாறு, பொருளியல் என்று வரிசையாகப் பெட்டியில் டிக் அடித்தார். வகுப்பில் சொன்ன பொய் அவர் கம்ப்யூட்டரில் என் குரூப்பாக ஏறியது. பதினொன்றாம் வகுப்புப் பாடங்களை எம்.ஏ. முதல் ஆண்டிலேயே எழுதினேன். தேர்வு மையம் செய்யாறில் விழுந்ததால் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. மறு வருடம் பிளஸ் டூவுக்கு மையம் திருவண்ணாமலையிலேயே விழுந்தது.

அன்றிலிருந்து கவலை வேறு மாதிரி ஆகிவிட்டது. தேர்வு அறைக் கண்காணிப்புக்கு வருகிறவர்கள் ஆசிரியர்கள். என் வகுப்பில் பதினெட்டு ஆசிரியர்கள். எந்த அறைக்கு யார் என்று தினமும் சீட்டுக் குலுக்கிப் போடுவார்களாம். வகுப்பில் பேச்சுவாக்கில் டீச்சரிடம் கேட்டேன். "எனக்கு இந்த வாட்டி சேத்துப்பட்டு பக்கம் போடுவாங்க சார், ஏன் கேக்குறீங்க?" என்றார். சும்மாதான் என்றேன்.

முதல் மூன்று தேர்வும் சிக்கல் இல்லாமல் போயின. நான்காவது வரலாறு. அறையில் இருபது பேர். போன முறை தவறிய பிள்ளைகள், புதுத் தாலிக் கயிற்றோடு ஒரு பெண், காக்கிச் சட்டையை மாற்றாமலே வந்த ஓர் ஆட்டோக்காரர், நான். பத்து மணிக்கு வினாத்தாள் கட்டோடு கண்காணிப்பாளர் உள்ளே வந்தார். டீச்சர்தான்.

அவர் யாரையும் பார்க்காமல் வினாத்தாளைக் கொடுத்துக்கொண்டே போனார். படித்துப் பார்க்க முதல் பத்து நிமிடம் உண்டு. நான் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. இரண்டு வருடமாக நோட்ஸ் வாங்கியவர், ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் போய்ச் சொன்னால் முப்பது பேருக்கும் தெரிந்துவிடும். குடும்பச் சூழ்நிலைக்குக் கை தட்டியவர்கள். கதவு என் இடது பக்கம் ஆறடி தூரத்தில் இருந்தது. வயிறு சரியில்லை என்று போய்விடலாம். பிளஸ் டூ இல்லாமல் இத்தனை வருடம் இருக்கவில்லையா.

இருந்தேன். தைரியத்தால் இல்லை. வெளியே போவதென்றால் எழுந்து நின்று அவரிடம்தான் கேட்க வேண்டும். ஓடுவதற்குக்கூட வாய் திறக்க வேண்டியிருந்தது. அந்தத் தவிப்பில் கண் வினாத்தாளில் விழுந்தது. ஒரு பெரிய கேள்வி, ஆறு மாதம் முன்பு நானே டீச்சருக்கு ஒன்பது பக்கம் எழுதி அனுப்பியது. பேனாவைத் திறந்தேன்.

ஹால் டிக்கெட்டைச் சரிபார்த்துக்கொண்டு வந்தார். முன்னால் இருந்த பையன்களிடம் "கையெழுத்து போடு, போடு" என்றவர், என் பெஞ்சுக்கு வந்ததும் போட்டோவைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார். "கையெழுத்து போடுங்க" என்றார். பதிவெண்ணைச் சரிபார்த்துவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

பன்னிரண்டரைக்கு எனக்குத் தாள் தீர்ந்துவிட்டது. ஒரு பக்கத்துக்கு இன்னும் விஷயம் இருந்தது. எழுதியது போதும் என்று முடித்துவிடலாமா என்று இரண்டு நிமிடம் யோசித்தேன். பிறகு எழுந்து, "டீச்சர், பேப்பர்" என்றேன். தேவைக்கு மேல் சத்தமாக வந்தது. ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். டீச்சர் ஒரு தாளும் நூலும் கொண்டு வந்து வைத்தார். "கடைசியில சேத்துக் கட்டுங்க, வுட்டுறாதீங்க" என்றார்.

தேர்வு முடிந்ததும் எல்லோரும் போய்விட்டார்கள். நானும் போயிருக்கலாம். இரண்டு வகுப்புக்கு லீவு போட்டால் ஆறிவிடும் என்றுகூடத் தோன்றியது. கேட்டுக்குப் பக்கத்தில் சோடா வண்டி ஒன்று நின்றது. அங்கே போய் நின்றுகொண்டேன். விடைத்தாள் கட்டையெல்லாம் ஒப்படைத்துவிட்டு டீச்சர் வர முக்கால் மணி நேரம் ஆனது.

"இன்னும் போகலையா சார் நீங்க?"

"உங்களுக்காகத்தான் டீச்சர் நிக்கிறேன்."

"ஆள் பத்தலனு இன்னிக்கு என்ன இங்க மாத்திப் போட்டாங்க. உங்கள மாதிரியே யாரோ தம்பி போலனு பாத்தேன். எனக்கு நோட்ஸ் அனுப்புறவரு ஹால் டிக்கெட்டோட உக்காந்துனு இருக்கீங்க. பேர பாத்துதான் நீங்கனு நம்பினேன்."

சொன்னேன். பிளஸ் டூ அப்போது முடிக்கவில்லை, குரூப் பொய், எல்லாவற்றையும், அவருக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டே.

"சரி, வீட்ல கஷ்டம். அதனால பதினொன்னுல நின்னுட்டீங்க. அத சொல்றதுக்கு இன்னா?"

"கஷ்டமும் இல்ல டீச்சர். கிணறு, நிலம் எல்லாம் இருந்துச்சு."

"பின்ன?"

"எழுந்து பாடம் சொல்லச் சொன்னாங்க. பயந்துகினு ஓடிட்டேன்."

மனைவியைத் தவிர ஒருவரிடமும் நான் இதைச் சொன்னதில்லை. டீச்சர் கையில் இருந்த சோடாவைக் குடிக்காமல் என்னையே பார்த்தார். பிறகு கோபம் வந்துவிட்டது.

"அட போங்க சார்! போன மாசம்தான் எங்க எட்டாங்கிளாஸ்ல உங்களப் பத்தி முக்கா மணி நேரம் பேசினேன். சோத்துக்கே இல்லாத வீட்லேர்ந்து வந்து எம்.ஏ. படிக்கிறாரு, தெருவிளக்குல உக்காந்து படிச்சவருனு."

"தெருவிளக்கு நான் சொல்லலையே டீச்சர்."

"அது நான் சேத்தது."

சோடாக்காரர் சிரித்துவிட்டார். டீச்சருக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "பயம்னு சொல்லியிருந்தா நான் இன்னா அடிக்கவா போறேன்?"

"அத சொல்லத்தான் ஜாஸ்தி பயம்."

சோடாவைக் குடித்து முடித்தார். "என் கிளாஸ்லயே ரெண்டு பசங்க இருக்குதுங்க. பைய மாட்டிகினு கிளம்புதுங்க, ஸ்கூலுக்கு வரதில்ல. அதுங்ககிட்ட போய் தெருவிளக்குக் கதை சொல்லியிருக்கேன் பாருங்க. நீங்களே வந்து மாத்திச் சொல்லணும்."

"வரேன்."

"இப்ப இல்ல. மிச்ச ரெண்டு பரீட்சைய முடிங்க மொதல்ல. பாதில வுட்டீங்கனா அதுக்கும் நான் கதை கட்ட முடியாது." ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். பிறகு நிறுத்தி, "கிளாஸ்ல நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார்.

"சொன்னாலும் பரவால்ல டீச்சர்" என்றேன். முழுசாக அப்படி நினைத்தேன் என்று சொல்ல முடியாது. பாதிக்கு மேல் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, "எப்படி எழுதினீங்க?" என்று கேட்டாள். கூடுதல் தாள் வாங்கினேன் என்றேன். தட்டு வைக்கப் போனாள். நான் மறுநாளைக்கு அடுத்த நாள் தேர்வுக்கான பொருளியல் புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். பணவியல் பாடத்தை இதுவரை திறக்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பயம் வந்தது. யார் பார்ப்பார்கள் என்று இல்லாமல், பாடத்தை நினைத்தே நான் பயந்தது அதுதான் முதல் தடவை. சாப்பாடு வருவதற்குள் நாலு பக்கம் படித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.