வடிக்காத தண்ணீர்

அம்பத்தூர்ப் பட்டறை ஒன்றில் நான் பிட்டராக இருந்தபோது, காஷ்மீரில் அதிகாரிகள் தங்குவதற்காகக் குழாய் வசதியோடு ஒரு டிரெய்லர் வீடு செய்தோம். ஏற்றி அனுப்பும் முன் குழாய்த் தண்ணீரை முழுக்க வடித்துவிடும்படி தலைமை பிட்டர் காசிம் பாய் என்னிடம் சொன்னார். பனியில் தண்ணீர் உறைந்தால் குழாய் வெடித்துவிடும். பூந்தமல்லி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் நான் வடிக்காமலே கிளம்பிவிட்டேன்.

குழாய்கள் வெடித்துவிட்டதாகத் தந்தி வந்தது. முதலாளி விசாரித்தபோது, "பாய் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலீங்க" என்றேன். அன்றே பாயை வேலையைவிட்டு நிறுத்தினார்கள்.

வாசலில் பாய் என்னை மறித்தார். "இன்னா நைனா, என் மூஞ்சப் பாத்து சொல்லு. நான் சொல்லல?"

அவர் முகத்தைப் பார்த்தே, "சொல்லலியே பாய்" என்றேன்.

மறுவாரம் அவருடைய வேலையை எனக்குக் கொடுத்தார்கள். பயத்தில் பொய் சொன்னதாகத்தான் இத்தனை வருடம் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். உண்மையில், அந்த வேலை எனக்கு வேண்டியிருந்தது.