சகலை கையில் மெஷின்

பெரிய அத்தானை வேலையிடத்தில் வாய்ப்பூட்டு என்பார்கள். கூரைக்கு ஜிப்சம் போர்டு அடிக்கும்போது ஒரு பிடி ஸ்க்ரூவை உதட்டில் கவ்விக்கொள்வார். யார் எது கேட்டாலும் மூக்கு வழியாக ஒரு 'ம்' வரும். சாப்பிட உட்காரும்போது உதட்டில் ஸ்க்ரூ இருக்காது, அப்போதும் அதே 'ம்'தான். இந்த மனுஷனோடு என் அக்கா எப்படிக் குடும்பம் நடத்துகிறாள் என்று யாராவது கேட்டால், "ரெண்டு பேருக்கும் சேத்து அவங்களே பேசிக்கிறாங்க" என்று சின்ன அத்தான் பதில் சொல்லிவிடுவார்.

சின்ன அத்தான் என் சின்ன அக்காவின் கணவர். அவருக்குப் பெயர் ரேடியோ. ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. சகலைகள் இருவருக்கும் ஒரே மேஸ்திரி, ஒரே சாரம். அவர்கள் அடித்துவிட்டுப் போன ஸ்க்ரூத் தலைகளுக்குப் பட்டி பூசுகிறவன் நான். அதனால் இருவருடைய கைவேலையும் என் முகத்துக்கு ஒரு முழம் தள்ளித்தான் எப்போதும் இருக்கும்.

அப்போது ஒரு கண் மருத்துவமனையின் காத்திருப்பு ஹாலில் வேலை. சுவரில் இடுப்பளவுக்கு மரப்பலகை, மேலே ஜிப்சம் கூரை. கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு அண்ணாந்து உட்காரப்போகிறவர்கள் பார்க்கும் கூரை. வேலை தொடங்கிய அன்று மேஸ்திரி சொன்னார்: "அடுத்த மாசம் ரெண்டாவது கோஷ்டி போடுறேன். அதுக்கு ஒருத்தன் தலையா நிக்கணும். இந்த ஹால் முடியட்டும், பாக்கலாம்."

எல்லோரும் வாய்ப்பூட்டைத்தான் பார்த்தார்கள். அனுபவத்திலும் வயதிலும் அவர்தான் மூத்தவர். அவர் தரையைப் பார்த்தார். அவர் காது மடல் சிவந்தது எனக்குத் தெரிந்தது. நான் தங்கியிருந்ததும் அவர் வீட்டில்தான். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டார்.

அப்புறம்தான் அந்த மெஷின் வந்தது.

பேட்டரியில் ஓடுவது, ஒயர் கிடையாது. பிளாஸ்டிக் பட்டையில் வரிசையாகக் கோத்த ஸ்க்ரூக்கள் அதிலிருந்து மாலை மாதிரி தொங்கும். மெஷினின் மூக்கைப் போர்டில் வைத்து அழுத்தினால் ஒன்று உள்ளே போகும், அடுத்தது தானாக வந்து நிற்கும். மேஸ்திரி பெட்டியைத் திறந்து, "யாருப்பா எடுத்துக்கிறீங்க?" என்றார். பெரிய அத்தான் சாரத்தின் மேலே, வாய் நிறைய ஸ்க்ரூவோடு இருந்தார். ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டு முடிப்பதற்குள், "குடுங்க மேஸ்திரி, நான் பாக்கிறேன்" என்று ரேடியோ கையை நீட்டிவிட்டார்.

மெஷினில் அடிக்கும்போது இடது கைக்கு வேலை இல்லை. அந்தச் சும்மா இருக்கும் கையைத்தான் அத்தானால் தாங்க முடியவில்லை. ரேடியோ அந்தக் கையால் தலைமுடியைக் கோதிக்கொள்வார், இடுப்பில் வைத்துக்கொள்வார், அந்த வழியாகப் போகிறவர்களுக்கு டாட்டா காட்டுவார். எதிர்ப்பக்கத்தில் அத்தான் தலையால் போர்டைத் தாங்கி, ஒரு கையில் பழைய டிரில்லோடு, மறு கையால் ஒவ்வொரு ஸ்க்ரூவாக உதட்டிலிருந்து உருவிக்கொண்டிருப்பார்.

"என்ன சகலை, இன்னும் அந்த மூலையிலயே இருக்கீங்க? குடித்தனம் வந்துட்டீங்களா?"

"ம்."

வீட்டிலும் நிம்மதி இல்லை. "சின்னவ வீட்டுக்காரருக்கு ஏதோ துப்பாக்கி மாதிரி குடுத்திருக்காங்களாமே. உங்களுக்குக் கிடையாதா?" என்று அக்கா கேட்டாள். அத்தான் தட்டில் இல்லாத எதையோ பொறுக்கினார்.

ஒரு மதியம் ரேடியோ கை கழுவப் போயிருந்தார். அத்தான் மெல்ல எழுந்து அந்த மெஷினைக் கையில் எடுத்தார். கனம் பார்த்தார். மூக்கின் பக்கத்தில் ஒரு சிறு சக்கரம் உண்டு. ஸ்க்ரூ எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதை அதில்தான் வைக்க வேண்டும். அதைத் தொட்டார், திருப்பவில்லை. எடுத்த இடத்திலேயே, எந்தக் கோணத்தில் இருந்ததோ அந்தக் கோணத்திலேயே திரும்ப வைத்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

ரேடியோ முதலில் மரப்பலகையை முடித்தார். மரத்தில் ஸ்க்ரூத் தலை நன்றாக உள்ளே அமுங்க வேண்டும், மேலே மர மாவு வைத்து அடைப்பார்கள். அது முடிந்த மறுநாள் காலை கூரையில் தன் பாதிக்கு ஏறினார். மறுபாதி அத்தானுடையது.

கொஞ்ச நேரத்தில் அத்தானின் டிரில் நின்றது. தலையைச் சாய்த்துக்கொண்டு எதையோ காது கொடுத்துக் கேட்டார். எனக்குப் புரியவில்லை. பிறகு ரேடியோ அடித்த வரிசைக்குக் கீழே போய்ப் பார்த்தபோது புரிந்தது. ஜிப்சம் போர்டில் ஸ்க்ரூத் தலை மேல் காகிதத்தைக் கிழிக்காமல் ஒரு குழி மட்டும் போட வேண்டும். காகிதம் கிழிந்துவிட்டால் உள்ளே மாவுதான், பிடிப்பு இல்லை. இங்கே எல்லாத் தலையும் காகிதத்தைக் கிழித்து உள்ளே போயிருந்தது. மரத்துக்கு வைத்த ஆழத்தை மாற்றாமலே ரேடியோ கூரைக்கு வந்துவிட்டார். கிழியும் சத்தம் மோட்டார் இரைச்சலுக்குள் எறும்பு நடப்பது போலத்தான் கேட்கும். நாள் முழுக்க அந்தப் பக்கமே காதைத் தீட்டி வைத்திருக்கும் ஒருவருக்கு மட்டும்தான் அது எட்டும்.

நான் அத்தானிடம் போனேன். "அத்தான், அந்தப் பக்கம் பட்டி பூசவா?"

உதட்டு ஸ்க்ரூக்களை எடுத்தார். "பூசினா வெளிய தெரியுமா?"

"தெரியாது அத்தான்."

"போர்டு எப்ப தொங்கும்?"

"ஏசி போட்டு, ரெண்டு மழை பாத்தா."

அவர் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. தொங்கும்போது கோஷ்டி பிரித்து முடிந்திருக்கும், ரேடியோ தலைவராக வேறெங்கோ நின்று தலை கோதிக்கொண்டிருப்பார்.

"பூசாத. மேஸ்திரி சாயங்காலம் வருவாரு. அவரு கண்ணால பாக்கட்டும்."

அவரிடமிருந்து இவ்வளவு நீளமாக நான் கேட்டதில்லை. திரும்பிப் போய் வேலையைத் தொடர்ந்தார். ஆனால் அந்தக் கிழியும் சத்தம் அவரை விடவில்லை. ரேடியோ ஒரு வரிசை முடித்து அடுத்ததற்குப் போக, ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் அத்தானின் தோள் சுருங்கியது. தன் பல்லையே யாரோ பிடுங்குகிற மாதிரி. ரேடியோவின் மூன்றாவது போர்டில், அத்தான் சாரத்திலிருந்து இறங்கி அவரிடமே போய்விட்டார்.

"குடு."

"ஆசை வந்துடுச்சா சகலை? வாய் தொறந்து கேட்டா குடுக்க மாட்டேனா?"

அத்தான் மெஷினை வாங்கி, மூக்கின் சக்கரத்தைத் திருப்பி, ஒரு ஸ்க்ரூ அடித்துக் காட்டினார். பிறகு கிழிந்த ஒன்றை விரலால் தடவிக் காட்டினார். ரேடியோ முதல் முறையாக நிலையம் மாறிப்போன மாதிரி நின்றார்.

"மரத்துக்கு வச்சது. மறந்தே போச்சு சகலை."

கிழிந்த ஒவ்வொன்றுக்கும் இரண்டு விரல் தள்ளி அத்தான் புது ஸ்க்ரூ போட்டுக்கொண்டே போக, பின்னாலேயே ரேடியோ கெட்டதைக் கழற்றிக்கொண்டு வந்தார். அத்தானின் இடது கை எங்கே போவது என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. மேஸ்திரியிடம் சொல்லப்போவதை ஒத்திகை பார்க்கிறார் என்று தோன்றியது.

பாதி கூட முடியவில்லை, சாயங்காலம் வரவேண்டிய மேஸ்திரி முன்னதாகவே வந்துவிட்டார். அண்ணாந்து பார்த்தார். "என்னப்பா இது, கூரைக்கு அம்மை போட்டிருக்கா?"

அத்தான் வாயைத் திறந்தார்.

"நான்தான் மேஸ்திரி" என்றார் ரேடியோ, சிரித்துக்கொண்டே. "ஆழத்த மாத்தாம அடிச்சுத் தொலைச்சிட்டேன். சகலை கண்டுபிடிச்சுச் சரி பண்றாரு. அவரு இல்லேன்னா என் மானம் இதே கூரையில தொங்கியிருக்கும்."

மேஸ்திரி ரேடியோவின் தோளைத் தட்டினார். "எங்கிட்ட இத்தன ஆளு வேலை பாத்திருக்கான். நான்தான்னு சொன்னவன் ஒருத்தனும் இல்ல. கோஷ்டிக்குத் தலையா நிக்கிறவனுக்கு இது வேணும்ப்பா." பிறகு அத்தான் பக்கம் திரும்பி, "மெஷின் உன் கைக்குத்தான் அடங்குது. இனிமே அது உங்கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

ரேடியோ சந்தோஷத்தில் அத்தானைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அத்தானின் கை மெஷினோடு நடுவில் மாட்டிக்கொண்டது.

வீட்டுக்கு நடக்கும்போது அத்தான் சொன்னார்: "எப்படிச் சொன்னான், பாத்தியாடா? சிரிச்சுக்கிட்டே." சிறிது தூரம் போய், "சிரிச்சுக்கிட்டே" என்று மறுபடியும் சொன்னார். மெஷினைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அக்காவுக்குத்தான் அதில் ஏகப் பெருமை. சாப்பாட்டு மேசையில் இடம் ஒதுக்கி வைத்தாள். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ரேடியோ புதுக் கோஷ்டிக்குத் தலையாக அதே கட்டடத்தின் மேல் மாடிக்குப் போனார். கீழே ஹாலின் மீதி வேலையில் இருந்த எங்களுக்கு அவர் குரல் படிக்கட்டு வழியாக இறங்கி வந்துகொண்டே இருக்கும். அப்படி ஒரு காலையில், மேஸ்திரி ஹாலுக்குள் நிற்கும்போது, ஒரே ஒரு ஸ்க்ரூ போர்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனது. அத்தான் கைக்கு அப்படி ஆகவே ஆகாது. அடிப்பதற்கு முன் அவரே சக்கரத்தைத் திருப்பியதையும் நான் பார்த்தேன்.

"மேஸ்திரி, நான்தான். ஆழம் தப்பிடுச்சு" என்றார், சிரிக்க முயன்றுகொண்டே.

மேஸ்திரி போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "சரி சரி, பக்கத்துல ஒண்ணு போட்டுக்க" என்று கையை ஆட்டிவிட்டு வெளியே போனார்.

அத்தான் சக்கரத்தைப் பழைய இடத்துக்குத் திருப்பினார். இரண்டு விரல் தள்ளி ஒன்று அடித்தார். கெட்டதைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். மாடியில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. நான் அந்தத் துளைக்குப் பட்டி பூசினேன்.