ஒரு துளி கிணற்றுத் தண்ணீர்

என் மகள் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்குப் படம் காட்டுகிற இயந்திரம் ஒன்று வந்திருக்கிறது. பாதுகாப்புக்காக அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, கூடத்தில் வைத்துப் பெட்டியைத் திறந்தாள். மரச்சீவலும் வார்னிசும் கலந்த மணம் எழுந்தது. இந்தக் கிழவனின் மூக்குக்கு வேறு வேலை இல்லை. எதை மணந்தாலும் நாற்பது வருஷம் பின்னுக்கு ஓடும். "ஐயா, உப்பிடியான சாமானுகளை வைச்சுப் படிப்பிக்கப் பள்ளிக்கூடங்களுக்கு என்ன வேணுமெண்டு கூட்டத்திலை கதைக்கச் சொல்லியிருக்கினம். நீங்கள் ஒண்டு சொல்லுங்கோவன்" என்று பேனையும் கையுமாக நின்றாள். நான் மணத்தோடு போய்விட்டேன்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளில், தெல்லிப்பழைக்குக் கிட்ட ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் நான் சின்ன வாத்தியார். பயிற்சி முடித்து வந்த புதிது. வேட்டிக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு, ஊருக்கே விஞ்ஞானம் புகட்ட வந்தவன் போல நடப்பேன். வேர்க்குருதான் மிச்சம். அந்த நேரம், மலாயாவில் ஆஸ்பத்திரி உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு திரும்பிய ஒருவர் பித்தளை மைக்கிறஸ்கோப் ஒன்றைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார். அந்தப் பெட்டியிலும் இதே மணம். தலைமை வாத்தியார் அதற்குச் சந்தனம் பூசிப் பூ வைத்தார். எப்படிப் பார்ப்பது என்று மட்டும் ஒருவருக்கும் தெரியாது. நான் மூன்று நாள் என் இமைமயிரையே பார்த்து, ஏதோ பூச்சி என்று அதிசயித்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் பிடிபட்டது.

கண் வைக்கிற குழாய் ஒன்றுதான். யாருக்குப் பின் யார் கண் வைப்பது? வாங்குப் பலகையில் இருக்கிற பிள்ளைகள் எல்லாரும் பார்த்து முடிய, நிலத்தில் இருக்கிற வள்ளி கடைசியாகப் பார்க்கலாம், அதன்பின் நான் குழாயைத் துடைத்துவிட வேண்டும் என்று தலைமை வாத்தியார் தீர்ப்புச் சொன்னார். அதையே பெரிய தாராளம் என்று அப்போது நினைத்தோம். வள்ளிக்குப் பதினொரு வயது. பனை ஏறிப் பிழைக்கிற ஒருவரின் மகள். அவளுடைய சாதிக்கு வாங்கும் இல்லை, கிணறும் இல்லை. தாகமென்றால், யாராவது அள்ளிக் கையில் வார்க்கும்வரை கிணற்றடிக்கு வெளியே நிற்பாள்.

ஒருநாள் மத்தியானம் நான் தண்ணீர் அள்ளும்போதும் நின்றாள். அவள் கையில் வார்த்துவிட்டு, மிச்சத்தில் ஒரு துளியைப் பாசியோடு கண்ணாடித் தட்டில் விட்டேன். வாங்குப் பிள்ளைகள் ஏதோ நெளிகிறது என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்கள். வள்ளி மட்டும் நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. "உதுக்கு வாய் சுத்துது, வாத்தியாரையா" என்றாள். மெய்தான், வெறுங்கண்ணுக்குத் தெரியாத அந்தப் பூச்சியின் வாய் சக்கரம்போலச் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? கோட்டுப் போட்டதற்கு ஒரு பிள்ளையாவது கிடைத்தாள் என்று நினைத்தேன்.

அந்தக் கிணறு பள்ளிக்கூட மனேச்சரின் தகப்பன் வெட்டுவித்தது. மனேச்சர் வயல் நிலமுள்ள பெரிய கமக்காரர். முட்டை என்ற சொல்லைக்கூட வாயில் எடுக்காத சைவம். வாங்கிலிருந்து படிக்கிற அவருடைய மகன் போய்ச் சொல்ல, அன்று பின்னேரமே வந்து கண் வைத்தார். நிமிர்ந்தபோது முகம் வெளிறியிருந்தது. "இவ்வளவு வருசமா நான் மச்சமோ குடிச்சனான்?" என்றார். மீன் இறைச்சியைத்தான் நாங்கள் மச்சம் என்போம். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கினேன். அடுத்த பேச்சில் அடக்க ஒன்றும் இருக்கவில்லை. தகப்பன் வெட்டின கிணற்றில் பூச்சி தானாக வராது, யாரோ தொட்டுத் தீட்டாக்கியிருக்கிறார்கள் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீர் அள்ளேக்கை உவள் கிணத்தடியிலை நிண்டவளோ?"

எந்தக் கிணற்றிலும் இது உண்டு என்று எனக்குத் தெரியும். அவர் வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு துளி எடுத்துக் காட்டினால் முடிந்தது. ஆனால் என்னை வைத்திருப்பதும் அனுப்புவதும் அவர் கையில். "ஓம், நிண்டவள்" என்றேன். பொய் இல்லை பாருங்கள். அதுதான் இன்னும் அரித்துக்கொண்டிருக்கிறது.

அடுத்தநாள் வள்ளியின் தகப்பனைப் பள்ளிக்கூட வாசல் பூவரசில் கட்டி மனேச்சரின் ஆட்கள் அடித்தார்கள். நான் உள்ளே எட்டாம் வாய்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அடிச்சத்தம் கேட்காதபடி உரக்கச் சொல்லும்படி பிள்ளைகளை ஏவினேன். கிணற்றை இறைத்தார்கள், ஐயர் வந்து தீட்டுக் கழியப் புண்ணியதானம் செய்தார். வரவு இடாப்பில் வள்ளியின் பெயரைச் சிவப்பு மையால் வெட்டியதும் நான்தான். அன்று பின்னேரம் அவள் வேலிக்கு வெளியே வந்து நின்றாள். அழவில்லை.

"வாத்தியாரையா, எங்களைக் கிட்டவும் விடாத கோயில் கேணித் தண்ணியையும் ஒருக்கா வைச்சுப் பாருங்கோவன்" என்றாள்.

அந்தப் புத்தி எனக்கும் இருந்தது, துணிவுதான் இல்லை. போ பிள்ளை என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஒரு கிழமை கழித்து, ஒருவரும் இல்லாத நேரம், புண்ணியதானம் செய்த கிணற்றில் ஒரு துளி எடுத்து வைத்துப் பார்த்தேன். வாய் சுற்றிக்கொண்டிருந்தது. தட்டைத் துடைத்து, மைக்கிறஸ்கோப்பை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். பூட்டின் திறப்பு என்னிடம்தான் இருந்தது. அங்கே இருந்த வரைக்கும் திறக்கவில்லை.

இப்போது அந்தக் கிணற்றைத் தூர்த்து மாடிக் கட்டடம் கட்டிவிட்டார்கள். பூவரசும் இல்லை, மனேச்சரும் இல்லை. பித்தளையை எவனாவது உருக்கியிருப்பான். வள்ளியின் குடும்பம் அந்த மாதமே குடிசையைப் பிரித்துக்கொண்டு காங்கேசன்துறைப் பக்கம் போனதாகச் சொன்னார்கள். நான் தேடிப் போகவில்லை.

மகள் இன்னும் பேனையோடு நிற்கிறாள். "என்ன ஐயா யோசிக்கிறியள்? முதல்லை என்ன வேணும்?"

"நல்ல பூட்டுள்ள அலுமாரி ஒண்டு" என்றேன்.

அவள் அதைத்தான் முதலாவதாக எழுதிக்கொண்டாள்.