அக்காவின் தலைக்கு நான் எடுத்த கப்பல் இரும்பு

அக்கா! கூப்பிட்டுப் பார்க்கிறேன். நான் ஒருநாளும் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எனக்கு அக்காதான் உன் பெயர். கதிரையில் இருக்கிறேன், எழும்புகிறேன், குசினிக்குப் போகிறேன், எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பி வருகிறேன். உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதை எழுதினாலாவது ஓரிடத்தில் இருக்க முடியுமோ என்று பார்க்கிறேன்.

நெருப்புக் காய்ச்சல் மாறின பிறகு உன் தலைமயிர் கொத்துக்கொத்தாகக் கொட்டியது. திரும்ப முளைத்தது பழைய மயிர் இல்லை, தும்பு. சீப்பு பாதியில் நின்றுவிடும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் வேறு உப்பு. தேங்காய்ப்பால் வைத்தாய், வெந்தயம் அரைத்து வைத்தாய், ஒன்றுக்கும் அடங்கவில்லை.

அப்போதுதான் உப்புவெளிப் பக்கம் புதிதாகத் திறந்த ஹோட்டலில் வரவேற்பு மேசைக்குப் பெண்பிள்ளை தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டாய். திங்கட்கிழமை நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். புடவைக்கடையில் காலையிலிருந்து பின்னேரம் வரை நின்று நின்று கால் வீங்கின உனக்கு, அந்த மேசையை விட அதற்குப் பின்னால் இருக்கிற கதிரைதான் பெரிய ஆசை. இந்தத் தலையோடு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தாய்.

பக்கத்து ஒழுங்கைப் பறங்கி அன்ரியிடம் ஒரு இரும்புச் சீப்பு இருந்தது. கரிச்சட்டியில் சூடாக்கித் தன் மகள்மாரின் சுருட்டை மயிரை நேராக இழுப்பா. உன் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னா:

"காய்ஞ்ச தலை காய்ஞ்ச ஓலை, பிள்ளை. சட்டெண்டு பத்தும். எந்த இரும்பெண்டாலும் முதல்ல கடதாசியில வைச்சுப் பாக்கோணும். கடதாசி மஞ்சளிச்சால் தலைக்குக் கிட்டயும் கொண்டு போகக்கூடாது."

எனக்குக் கரிச்சட்டி பிடிக்கவில்லை. "ஹோட்டலுக்குப் போற ஆள் கரி மணக்க மணக்கவோ போறது?" என்று கேட்டேன். துறைமுக ஜெட்டி வாசலில் கப்பல் சாமான் விற்கிற கிண்ணியா முஸ்லிம் நானாவிடம் கரண்டில் வேலை செய்கிற இரும்பு ஒன்று வந்திருந்ததைக் கண்டிருந்தேன்.

"எனக்குக் கடையில லீவில்லை. நீ பாத்து எடு," என்றாய். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு எப்போதும் நீதான் பார்த்து எடுப்பாய், சட்டைத் துணி முதல் செருப்பு வரை. என்னைப் பார்த்து எடுக்கச் சொன்னது அது ஒன்றுதான்.

இரண்டு தட்டை இரும்பு, நடுவில் மயிரை வைத்து அமத்த வேண்டும். ரோஸ் நிறப் பிடி. எனக்கு அந்தப் பிடியைக் கண்டதும் வேறொன்றும் காதில் ஏறவில்லை. இல்லை, ஏறியது. அதுதான் கதையே.

"தங்கச்சி, இது அமெரிக்கன் கரண்டுக்குச் செஞ்சது," என்றார் நானா. "நம்மட கரண்டு பலம் கூட. நடுவுல கரண்டைக் குறைக்கிற ஒரு பெட்டி வைக்கணும். அது என்னட்ட இல்ல."

"பெட்டி இல்லாட்டி வேலை செய்யாதோ?"

"செய்யும், செய்யும். தேவைக்கு மேலயே செய்யும்!" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "பெட்டி எடுத்த பொறவுதான் குத்தணும், என்ன?" என்றார்.

ஓம் என்று தலையாட்டினேன். பெட்டிக்கு எங்கே போவது? சொன்னால் நீ கரிச் சீப்புக்குப் போய்விடுவாய், நான் எடுத்தது வீணாகிவிடும். சொல்லவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் பிளக்கில் குத்தினோம். "கடதாசி?" என்று கேட்டாய். "அது கரிச் சீப்புக்கு, அக்கா. இது கரண்டு."

"சட்டைக்குப் போடுற இஸ்திரிக்கையைத் தலைக்கும் போடுறாளவை," என்று அம்மா குசினியிலிருந்து பகிடி விட்டா. அம்மா வாய் மூடுவதற்குள் ஆட்டுத்தலை வாட்டுகிற மணம் வந்தது. வலது நெற்றிப் பக்கத்து மயிர் ஒரு பிடி இரும்போடு என் கைக்கு வந்துவிட்டது.

நீ கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டாய்: "அந்த மனிசன் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"இல்லை."

அடுத்த நாள் மாதா கோயிலில் பூசை முடிந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு ஜெட்டிக்குப் போய் நானாவை ஏசினாய். "கண்ணைத் திறந்துகொண்டு விக்கிறீங்களோ, மூடிக்கொண்டோ?" நானா என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன். "சொல்ல மறந்து போச்சு, புள்ள. என்ட பிழை," என்று இரும்பைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

அன்று பின்னேரம் அன்ரி கடதாசியில் மூன்று தரம் வைத்துப் பார்த்து, மற்றப் பக்கம் வகிடு எடுத்து, கருகின இடத்தை மூடி இழுத்துவிட்டா. திங்கட்கிழமை போனாய். வேலை கிடைத்தது. மூன்று மாதம் அந்தக் கதிரையில் இருந்தாய். மார்கழி மழையோடு மலேரியா வந்தது, ஒரு கிழமைதான்.

சவப்பெட்டியில் உன்னை வைத்தபோது அந்த இடத்து மயிர் பெருவிரல் நீளம் வளர்ந்திருந்தது. எண்ணெய் வைத்தார்கள், தண்ணீர் தொட்டு அமத்தினார்கள். படியவில்லை. குத்திக்கொண்டு நின்றது. ஒவ்வொருவராக வந்து உன் முகத்தைப் பார்த்தார்கள், நான் அதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நானாவும் செத்த வீட்டுக்கு வந்து படலையடியில் நின்றார். போய்ச் சொன்னேன்: "நானா, நீங்கள் அண்டைக்குச் சொன்னனீங்கள். நான்தான் மறைச்சனான்."

"அது அவவுக்குத் தெரியும், தங்கச்சி," என்றார். "வேல கெடச்ச கையோட தனிய வந்து கேட்டா. மறைக்க ஏலாம சொல்லிட்டன். 'சரி, அவளே சொல்லட்டும்' எண்டு சொல்லிட்டுப் போனா."

மூன்று மாதம், அக்கா. ஒரே பாயில் படுத்தோம். ஒவ்வொரு காலையும் உனக்கு வகிடு எடுத்துவிட்டவள் நான். நீ கண்ணாடியில் என்னைப் பார்ப்பாய், நான் சீப்பைப் பார்ப்பேன். வாய் திறப்பேன் என்று காத்திருந்தாயா? அன்றைக்கே சொல்லியிருந்தால் ஏசியிருப்பாய், சிரித்திருப்பாய், முடிந்திருக்கும். இப்போது சொல்கிறேன். நான் பொய் சொன்னேன், அக்கா.

இதற்குப் பதில் எனக்கு வராது. அதனால் வாசிக்கிற உங்களிடம் கேட்கிறேன். எங்கள் அக்காவுக்காக எல்லோரும் செபியுங்கள். செபமாலை சொல்கிறவர்கள் ஒரு மணியை அவளுக்கென்று உருட்டுங்கள். நானாவைப் போலத் தொழுகிறவர்கள் ஒரு துஆ கேளுங்கள். கோயிலுக்குப் போகிறவர்கள் அவளுக்கும் ஒரு கற்பூரம் கொளுத்துங்கள். எந்த வாசலால் போனாலும் பரவாயில்லை, அவளிடம் போய்ச் சேர்ந்தால் போதும்.